ஒருமுறை வைத்தியம்: ஒன்ராறியோவின் வாக்-இன் கிளினிக்குகள் எப்படி இயங்குகின்றன

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மார்க்கம் வீதியிலோ எக்ளின்ரன் அவென்யூவிலோ உள்ள பிளாசாக்களில், தமிழ்ப் பலசரக்குக் கடைக்கும் ரேக்-அவுட் உணவகத்துக்கும் அருகே ஒரு மருந்தகமும், அதன் பக்கத்திலோ உள்ளேயோ ஒரு வாக்-இன் கிளினிக்கும் இருப்பது வழக்கமான காட்சி. முன்பதிவு இல்லாமலே போகலாம்; மாகாணக் காப்புறுதி அட்டையான ஹெல்த் கார்டைக் காட்டினால் பணம் கட்டத் தேவையில்லை; மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் பல கிளினிக்குகள் திறந்திருக்கும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருபவருக்கும், இரவு வேலைக்குப் போகுமுன் பிள்ளையின் காதுக்குத்தைக் காட்ட வேண்டியவருக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை என்பதால், தடிமன் முதல் இரத்த அழுத்தக் குளிசை வரை எல்லாவற்றுக்கும் அங்கேயே போய்ப் பழகிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் இந்தக் கிளினிக்குகளின் அமைப்பும், அவற்றுக்குப் பணம் வரும் வழியும், முன்கதை எதுவும் இல்லாத, சில நாட்களில் தீர்ந்துபோகக்கூடிய ஒரேயொரு பிரச்சினைக்காக உருவானவை. அந்த எல்லைக்குள் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. எல்லையைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் பணத்தின் வழியைப் பார்க்க வேண்டும்.

கனடாவில் வாக்-இன் கிளினிக்குகள் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் பரவத் தொடங்கின. மருத்துவ ரீதியில் தேவையான வைத்தியர் சேவைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்தின் அடிப்படை நிபந்தனை. எனவே கிளினிக்கின் வருமானம் பெரும்பாலும் மாகாணக் காப்புறுதியான ஓஹிப்பிடம் இருந்தே வருகிறது. வாக்-இன் வைத்தியருக்குப் பொதுவாக ஒவ்வொரு சந்திப்புக்கும் தனித்தனியாகக் கட்டணம் கிடைக்கும். சாதாரணமான ஒரு பரிசோதனைக்கு ஓஹிப் கொடுப்பது நாற்பது டொலரை அண்டிய தொகை. அதில் ஒரு பங்கு கிளினிக்கின் வாடகைக்கும் வரவேற்பு மேசையில் இருப்பவர்களின் சம்பளத்துக்கும் போகிறது. தொண்டை நோவுக்கு ஏழு நிமிடம் செலவிட்டாலும், தலைச்சுற்று, மூட்டு நோ, நித்திரையின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து அரைமணி நேரம் கேட்டாலும் கிடைக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் "ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும்" என்ற அறிவித்தலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். அதைப் பார்த்துக் கோபப்படுபவர்கள் கோபப்பட வேண்டியது வைத்தியர்மீதா, கட்டண அட்டவணைமீதா என்பது வேறு கேள்வி.

குடும்ப வைத்தியர்களில் கணிசமானோர் வேறு முறையில் ஊதியம் பெறுகிறார்கள். 2000களின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ அறிமுகப்படுத்திய குடும்பச் சுகாதாரக் குழு முறைகளில், வைத்தியரிடம் பெயர் பதிந்த ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய வயதையும் பாலினத்தையும் பொறுத்துத் தலைக்கணக்கில் ஒரு தொகை வழங்கப்படுகிறது. நோயாளி அந்த ஆண்டில் ஒருமுறை வந்தாலும் பத்துமுறை வந்தாலும் அந்த அடிப்படைத் தொகை மாறாது. குடும்ப வைத்தியரிடம் முதன்முதலாகச் சேரும்போது பலரும் வாசிக்காமல் கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவம் இந்தப் பதிவுக்கானதுதான். அந்தப் படிவத்தில் நோயாளியும் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்: அவசரத்திலோ பயணத்திலோ அன்றி, முதலில் இந்த வைத்தியரையோ அவருடைய குழுவையோ நாடுவேன் என்பது அது.

அந்த வாக்குறுதியை மீறினால் நோயாளிக்கு அபராதம் இல்லை. வைத்தியருக்கு நெடுங்காலம் இருந்தது. அக்செஸ் போனஸ் என்று அழைக்கப்பட்ட ஓர் ஊக்கத்தொகை, அடிப்படைக் கொடுப்பனவின் 18.59 சதவீதம் வரை, இந்த முறையில் சேர்ந்த வைத்தியர்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது. அவருடைய நோயாளி வெளியே வேறொரு பொது வைத்தியரிடம் சாதாரண சேவை ஒன்றைப் பெறும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேவையின் பெறுமதி அதிலிருந்து கழிக்கப்பட்டது. வாக்-இன் கிளினிக்குக்குப் போவது அத்தகைய வெளிச் சேவைகளில் முதன்மையானது. ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போது இந்தக் கணக்கு விதிகளும் மாறிவருகின்றன என்றாலும், ஏறத்தாழ இரண்டு தசாப்தங்களாக ஒன்ராறியோவின் குடும்ப மருத்துவத்தில் வேரூன்றிய மனப்பாங்கு இதிலிருந்து வந்தது. "நீங்கள் வெளியே வாக்-இன் போயிருக்கிறீர்கள், இனியும் தொடர்ந்தால் உங்களை எமது பதிவிலிருந்து நீக்க நேரிடும்" என்ற கடிதம் வந்து திகைத்துப்போனவர்களுக்கு அதன் காரணம் பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. அவர்கள் செய்தது சட்டப்படி தவறும் அல்ல.

இந்த ஏற்பாட்டின் விசித்திரம் என்னவென்றால், அதே நோயாளி அதே தொண்டை நோவுடன் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தால் குடும்ப வைத்தியருக்கு ஒரு சதமும் குறைந்திருக்காது. பொதுப் பணத்தில் பல மடங்கு செலவாகும் இடத்துக்குப் போவது கணக்கில் வராமல், செலவு குறைந்த இடத்துக்குப் போவது கழிக்கப்பட்டது. மாகாண மருத்துவக் கொள்கையை ஆராய்ந்தவர்கள் இந்த முரணைப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், நியாயமாகவே.

நம்மில் பலர் அறியாத இன்னொன்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. தலைக்கணக்கு முறையில் உள்ள வைத்தியர் குழுக்கள், பதிந்த நோயாளிகளுக்காக மாலை நேரத்திலும் வார இறுதியிலும் மூன்று மணி நேரத் தொகுதிகளாகக் கிளினிக் நடத்தக் கடமைப்பட்டவை. குடும்ப வைத்தியரின் அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதற்காக அவருடைய குழுவே பூட்டப்படுவதில்லை. அன்றிரவு பணியில் இருப்பவர் அதே குழுவைச் சேர்ந்த வேறொரு வைத்தியராக, சில கிலோமீற்றர் தள்ளி உள்ள வேறொரு அலுவலகத்தில் இருக்கலாம். வைத்தியரின் பதிலளிப்பு இயந்திரத்தில் ஒலிக்கும் நீண்ட செய்தியை முடிவுவரை கேட்டால் அந்த முகவரியும் நேரமும் பெரும்பாலும் அதில் இருக்கும். நாம்தான் முதல் வசனத்திலேயே தொலைபேசியை வைத்துவிடுகிறோம்.

இனி, வாக்-இன் கிளினிக் நன்றாகச் செய்யும் வேலைகள். தொண்டை நோவை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகவே மாறுவது. ஒரு சிறு பகுதிதான் ஸ்ட்ரெப் பக்டீரியாவால் வருவது. அதற்குத்தான் அன்ரிபயோட்டிக் பயன்படும். இரண்டையும் பிரித்தறிய ரொறன்ரோவைச் சேர்ந்த குடும்ப வைத்தியர் வாரன் மக்ஐசாக் 1998இல் வெளியிட்ட புள்ளி முறை இன்று உலகின் பல இடங்களில் பயன்படுகிறது. 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் ஒரு புள்ளி. இருமல் இல்லாவிட்டால் ஒரு புள்ளி. கழுத்தின் முன்பக்க நிணநீர்க் கணுக்கள் வீங்கி, தொட்டால் நொந்தால் ஒரு புள்ளி. டொன்சில் வீங்கியோ வெண்படலத்துடனோ இருந்தால் ஒரு புள்ளி. 3 முதல் 14 வயதுப் பிள்ளையானால் இன்னொன்று. 45 வயதும் அதற்கு மேலும் என்றால் ஒன்று குறைப்பு. மொத்தம் ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் பரிசோதனையும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை. இரண்டு மூன்று என்றால் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். இதைச் செய்ய உங்களுடைய இருபது ஆண்டு மருத்துவக் கோப்பு எவருக்கும் தேவையில்லை. தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கத் தெரிந்த எந்த வைத்தியராலும் முடியும். மூக்கொழுகலும் இருமலும் தொண்டைக் கரகரப்புமாக வருபவருக்கு, "இது வைரஸ், ஒரு கிழமை பொறுங்கள்" என்று வைத்தியர் சொல்லும்போது, இரண்டு மணி நேரம் காத்திருந்தும் வெறுங்கையுடன் அனுப்புகிறாரே என்று மனம் கசப்பது இயல்பே. ஆயினும் இந்த முறையின்படி அவர் செய்தது சரியான வைத்தியம். தேவையற்ற மருந்தையும் பரிசோதனையையும் குறைப்பதற்காக 2014இல் தொடங்கப்பட்ட சூசிங் வைஸ்லி கனடா என்ற இயக்கம் இந்தக் கசப்பைக் கருத்தில் கொண்டே, மருந்துச் சீட்டு எழுதும் கையால் வீட்டில் செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுக்கும் படிவங்களை வைத்தியர்களுக்காக உருவாக்கியது.

இரண்டாவது உதாரணம் கணுக்கால் சுளுக்கு. பனிக்காலத்தில் வாகனத் தரிப்பிடத்தில் சறுக்கி விழுந்தவர்கள், கோடையில் கிரிக்கெட் விளையாடிக் காலை மடக்கிக்கொண்டவர்கள் என ஆண்டு முழுவதும் வருவது இது. எலும்பு முறிந்ததா, வெறும் சுளுக்கா என்பதற்கு எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஓட்டாவாவில் அவசர மருத்துவரான இயன் ஸ்டீலின் குழு 1992இல் வெளியிட்ட ஓட்டாவா கணுக்கால் விதிகள் அதை மாற்றின. கணுக்காலின் வெளிப்புறமோ உட்புறமோ உள்ள எலும்பு முண்டின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்ரிமீற்றர் வரை, விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே நோகிறதா, விழுந்தவுடனும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நொண்டிக்கொண்டு நடந்தாலும் அது நடையே. இரண்டும் இல்லையென்றால் கணுக்கால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரே தேவையில்லை. பாதத்தின் நடுப்பகுதி நொந்தால் அங்கே சரிபார்க்க வேண்டிய எலும்புகள் வேறு. மிகச் சிறிய பிள்ளைகளுக்கும், நீரிழிவால் பாதத்தில் உணர்வு மங்கிப்போனவர்களுக்கும் இந்த விதிகளை நம்ப முடியாது.

எக்ஸ்ரே தேவை என்று முடிவானால் அங்கேதான் வாக்-இன் கிளினிக்கின் வரம்பு தெரியவரும். பல கிளினிக்குகளில் எக்ஸ்ரே கருவி இல்லை. ஒரு தாளை எழுதித் தருவார்கள், அதைக் கொண்டு தனியான படப்பிடிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த நிலையம் சனிக்கிழமை மாலை பூட்டியிருக்கலாம். தையல் போடும் வசதியும் எல்லா இடத்திலும் இல்லை. கத்தி வெட்டிய விரலுடன் போய், அரைமணி நேரம் காத்திருந்து, "இங்கே தைப்பதில்லை" என்ற பதிலைக் கேட்பதைவிட, காயத்தை அழுத்திப் பிடித்தபடி முதலில் தொலைபேசியில் கேட்பது நல்லது. பிராம்டனில் 2017இல் திறக்கப்பட்ட பீல் மெமோரியல் போல, மருத்துவமனைகள் நடத்தும் உடனடிச் சிகிச்சை நிலையங்கள் வேறு வகை: எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, தையல், மாக்கட்டு எல்லாம் அங்கே உண்டு. சிறு முறிவுக்கும் ஆழமான வெட்டுக்கும் அவையே பொருத்தமானவை.

காயங்களில் மறக்கப்படுவது ஏற்பு (ரெற்றனஸ்) தடுப்பூசி. வளர்ந்தவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது தேவை. மண்ணோ துருவோ பட்ட அழுக்கான காயமென்றால், கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தாலே மீண்டும் போட வேண்டும். இலங்கையிலிருந்து வந்த பலரிடம் கடைசியாக எப்போது போட்டார்கள் என்ற பதிவே இருக்காது. நாயோ பூனையோ வௌவாலோ கடித்தால், விசர்நோய் அபாயம் கருதி அதை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வைத்தியருக்குச் சட்டக் கடமை உண்டு. வௌவால் கடிக்கு அதன் அடையாளம் மிகச் சிறிதாக இருந்தாலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

வாக்-இன் கிளினிக்குக்குப் போகும் தேவையையே குறைத்த மாற்றம் ஒன்று அண்மையில் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் மருந்தாளர்கள் 13 வகைச் சிறு நோய்களுக்குத் தாங்களே மருந்து எழுதலாம். அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்னும் ஆறு சேர்ந்து மொத்தம் 19 ஆயிற்று. கண் சிவப்பு, ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகல், தோல் அரிப்பு, பூச்சிக் கடி, உதட்டுக் கொப்புளம், மூலம், நெஞ்செரிவு, மாதவிடாய் வலி, பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று, தசைப் பிடிப்பு, முகப்பரு, குழந்தையின் நப்பிப் புண், கர்ப்பகாலக் குமட்டல் ஆகியன அதில் அடங்கும். உண்ணி கடித்தால் லைம் நோய் வராமல் தடுக்கும் மருந்தையும் அவரே தரலாம். ஹெல்த் கார்ட் இருந்தால் மருந்தாளரின் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மருந்தின் விலை மட்டும் தனி. ஆணுக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சலும் முதுகு நோவும் சேர்ந்த தொற்று, மீண்டும் மீண்டும் வருவது ஆகியவற்றை அவர் வைத்தியரிடம் அனுப்பிவிடுவார். பிளாசா கிளினிக்கின் வாசலில் வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்குப் பக்கத்துக் கதவே போதுமானது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. எங்கே போவது என்று தெரியாதபோது 811 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்நேரமும் ஒரு தாதி பேசுவார். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

வாக்-இன் கிளினிக்குகளின் மேல் எல்லை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததே. நெஞ்சு இறுக்கம், மூச்செடுக்கச் சிரமம், முகம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறல் என்றால் 911 மட்டுமே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றால் குழந்தை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அவசரப் பிரிவு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தாலும் அப்படியே. அம்புலன்ஸுக்குச் செலவாகும் என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: செல்லுபடியான ஹெல்த் கார்ட் உள்ளவருக்குத் தேவையான அம்புலன்ஸ் பயணம் 45 டொலர், தேவையற்றது என்று மருத்துவமனை தீர்மானித்தால்தான் 240.

ஆனால் எனக்குக் கூடுதல் கவலை தருவது, ஆபத்தானவை சிறிய வேடத்தில் வரும் பக்கவாட்டு எல்லை. நீரிழிவு உள்ளவரின் காலில் சப்பாத்து உரசிய ஒரு கொப்புளம் பார்வைக்குச் சிறு காயம்தான். வாக்-இன் வைத்தியர் சுத்தம் செய்து, களிம்பு எழுதி அனுப்பலாம், அந்த நாளைக்கு அது தவறும் அல்ல. இந்தக் காலில் உணர்வு எவ்வளவு மங்கியிருக்கிறது, மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு என்ன, போன வருடமும் இதே இடத்தில் புண் வந்ததா என்பதெல்லாம் வேறெங்கோ ஒரு கோப்பில் இருக்கின்றன. தெற்காசியரிடையே நீரிழிவு கூடுதலாகவும் இளவயதிலும் வருகிறது என்பதால் இது நமக்குத் தொலைவான உதாரணம் அல்ல. அதேபோல, ஆறு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று என்று மூன்று வெவ்வேறு கிளினிக்குகளுக்குப் போனவருக்கு, ஒவ்வொரு வைத்தியரும் முதல் தொற்றையே பார்க்கிறார். மூன்றாவது என்பது எவருடைய கண்ணிலும் படுவதில்லை.

இரத்த அழுத்தக் குளிசை முடிந்துவிட்டது, குடும்ப வைத்தியரின் சந்திப்பு மூன்று கிழமைக்குப் பிறகுதான் என்று வாக்-இன் போய் ஒரு மாதத்துக்கு எழுதி வாங்குவதில் குற்றமில்லை. அதைவிட, மருந்தகத்திலேயே கேட்டால் தொடர்ந்து எடுத்துவரும் பல மருந்துகளை மருந்தாளர் நீடித்துத் தரவும் அதிகாரம் உண்டு. அதுவே பழக்கமாகி இரண்டு வருடம் கடந்தால், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இந்த மருந்து இன்னும் பொருத்தமானதா என்று கேட்க ஒருவரும் இல்லாமல் போகிறது.

ஒன்ராறியோவில் ஒருவருக்கு ஒரே மருத்துவக் கோப்பு என்பது இன்னும் நடைமுறையில் இல்லை என்பதே இதற்கெல்லாம் அடிப்படை. ஒவ்வொரு கிளினிக்கும் தன் கணினியில் தன் கோப்பை வைத்திருக்கிறது. மாகாண ஆய்வுகூடத் தகவல் தொகுப்பில் இரத்தப் பரிசோதனை முடிவுகளும், மருந்துத் தொகுப்பில் வாங்கிய மருந்துகளின் பெரும்பகுதியும் சேர்கின்றன என்றாலும், வாக்-இன் வைத்தியர் ஏழு நிமிடத்துக்குள் அவற்றைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வைத்தியர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் மாகாண அமைப்பான மருத்துவர் ஒழுங்குமுறைக் கல்லூரி 2019இல் வெளியிட்ட கொள்கையின்படி, வாக்-இன் வைத்தியரிடம் எதிர்பார்க்கப்படும் வைத்தியத் தரம் மற்ற வைத்தியர்களுடையதைவிடக் குறைந்தது அல்ல. தான் அனுப்பிய பரிசோதனையின் முடிவைப் பின்தொடர்வது அவருடைய பொறுப்பு. அதைக் குடும்ப வைத்தியர் தலையில் கட்டிவிட முடியாது. சந்திப்பின் குறிப்பைக் குடும்ப வைத்தியருக்கு அனுப்பும்படி நோயாளி கேட்கலாம்.

கேட்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரவேற்பு மேசையில் குடும்ப வைத்தியரின் பெயரைக் கேட்டால், போனஸ் கழிக்கப்படும் என்று பயந்து "இல்லை" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்தப் பொய்யால் எதுவும் மறையாது. ஓஹிப்புக்குப் போகும் கணக்கு ஹெல்த் கார்ட் இலக்கத்தின் வழியாகவே போகிறது. குறிப்பு மட்டும் போய்ச் சேராது. கையோடு கொண்டுபோக வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: எடுக்கும் மருந்துகளின் பட்டியல், அல்லது குளிசைப் போத்தல்களையே ஒரு பையில் போட்டு, ஒவ்வாமை உள்ள மருந்தின் பெயர், கடைசியாக எடுத்த அன்ரிபயோட்டிக் எது என்பது. வெளியே வரும்போது கேட்டு வர வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: எத்தனை நாளில் மாறாவிட்டால், எந்த அறிகுறி வந்தால், எங்கே போக வேண்டும்? இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் லைஃப்லாப்ஸ், டைனாகெயார் ஆகிய ஆய்வுகூடங்களின் இணையக் கணக்கில் முடிவைத் தானே பார்த்துக்கொள்ளவும் முடியும்.

தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் நடக்கும் வாக்-இன் சேவைகள் பெருந்தொற்றுக் காலத்தில் காளான்போல் பெருகின. நோயாளியை முன்பு நேரில் பார்த்திராத வைத்தியர் காணொளியில் ஒருமுறை பார்த்தால் 20 டொலர், தொலைபேசியில் பேசினால் 15 டொலர் மட்டுமே என்று 2022 டிசம்பர் 1 முதல் ஓஹிப் கட்டணத்தைக் குறைத்ததும் அவற்றில் சில மூடப்பட்டன, சில சந்தாக் கட்டணத்துக்கு மாறின. தொண்டைக்குள்ளும் காதுக்குள்ளும் பார்க்க முடியாத, வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாத சந்திப்பின் எல்லை தெளிவானது. மருந்து நீடிப்பு, தோலில் தெரியும் சிறு தடிப்பு போன்றவற்றுக்கு அது போதும்.

ஹெல்த் கார்ட் இல்லாதவர்களின் நிலை வேறு. ஓஹிப்புக்கான மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டதால் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு அந்த இடைவெளி இப்போது இல்லை. பெற்றோருக்கான நீண்டகால விசாவான சுப்பர் விசாவில் வந்து தங்கும் அம்மா அப்பாவுக்கோ ஓஹிப்பே கிடையாது. அவர்களுக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி விசாவின் நிபந்தனை என்றாலும், வாக்-இன் கிளினிக்கில் முதலில் கையிலிருந்து கட்டி, பற்றுச்சீட்டைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிவரும். முன்பிருந்தே உள்ள நோய்களுக்கு அந்தக் காப்புறுதி பணம் தருமா என்பதைப் பயணத்துக்கு முன்பே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு யூஹிப் என்ற தனித் திட்டம் உண்டு. அதை நேரடியாக ஏற்கும் கிளினிக் எது என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். வேலைத்தலத்துக்கான நோய்ச் சான்றிதழுக்கு ஓஹிப் பணம் கொடுப்பதில்லை, கிளினிக் தனியாக அறவிடும். ஆனால் 2024 ஒக்ரோபர் 28 முதல், ஒன்ராறியோ சட்டம் வழங்கும் மூன்று நாள் சம்பளமற்ற நோய் விடுப்புக்கு வைத்தியர் சான்றிதழ் கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை. தடிமனுக்குச் சான்றிதழ் வாங்கவென்றே வாக்-இன் வரிசையில் நின்ற காலம் அதனுடன் முடிந்திருக்க வேண்டும்; தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் இன்னும் கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் குடும்ப வைத்தியர் உள்ளவர்களுக்கு. 2023 செப்ரெம்பர் நிலவரப்படி ஒன்ராறியோவில் 25 இலட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை என்று குடும்ப வைத்தியர்களின் தொழில்சார் அமைப்பான மாகாணக் குடும்ப வைத்தியர் கல்லூரி கணக்கிட்டது. வைத்தியர் ஓய்வு பெற்று, அவருடைய நோயாளிகளை ஏற்க எவரும் வராமல் ஒரேநாளில் ஆயிரக்கணக்கானோர் தனித்துவிடப்படுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. முன்னர் மார்க்கம்-ஸ்ரூவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கூட்டாட்சிச் சுகாதார அமைச்சராகவும் இருந்த வைத்தியர் ஜேன் பில்பொற்றின் தலைமையில் ஒரு செயற்குழுவை மாகாண அரசு 2024இன் இறுதியில் அமைத்தது. 2029க்குள் அனைவரையும் ஒரு குடும்ப வைத்தியருடனோ முதல்நிலைச் சிகிச்சைக் குழுவுடனோ இணைப்பது இலக்கு என்று 2025 ஜனவரியில் 180 கோடி டொலர் திட்டத்தை அறிவித்தது.

அதுவரை, வைத்தியர் இல்லாதவருக்கு வாக்-இன் கிளினிக் ஒன்றே வாசல், அவரிடம் "தொடர்ச்சியான கவனிப்பு நல்லது" என்று போதிப்பதில் பயனில்லை. அவர் செய்யக்கூடியது, எந்தப் பிரச்சினைக்கும் வெவ்வேறு இடத்துக்குப் போகாமல் ஒரே கிளினிக்கையே பிடித்துக்கொள்வது. வைத்தியர்கள் மாறினாலும் கோப்பு அங்கேயே வளரும்; போன முறை எந்த மருந்து கொடுத்தார்கள், அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதை இன்று பணியில் இருப்பவர் அதே திரையில் பார்ப்பார். மாகாணத்தின் ஹெல்த் கெயார் கனெக்ட் பட்டியலில் இணையத்திலோ 811 வழியாகவோ பதிந்து வைப்பது இலவசம். வாக்-இன் கிளினிக்குகளில் பணிபுரியும் சிலர் அதே கட்டடத்தில் சொந்தமாகக் குடும்ப மருத்துவமும் பார்ப்பவர்கள். ஒரு புதிய வைத்தியர் சேரும் மாதங்களில் அவர்கள் நோயாளிகளை ஏற்பதும் உண்டு. அந்தத் தகவல் பட்டியலுக்கு வருமுன் வரவேற்பு மேசைக்கு வந்துவிடும் என்பதால், போகும் ஒவ்வொரு முறையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.